கேட் டியூட்டியிலிருந்து செக்யூரிட்டி மேனேஜர் வரை

கேள்வி: வயது 24, பிளஸ் டூ முடித்திருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஏஜென்சி மூலமாக ஒன்றரை வருடமாக செக்யூரிட்டி வேலை. தினம் 12 மணி நேரம். இந்தத் துறையிலேயே மேலே வர வழி உண்டா, இல்லை வேறு வேலை தேடிக்கொள்வதுதான் நல்லதா?

வழி உண்டு. ஆனால் இந்தத் துறையில் வருடம் ஏறினால் பதவி தானாக ஏறாது. ஒரே பாயின்ட்டில் பத்து வருடம் நின்றவருக்கும் போன மாதம் சேர்ந்தவருக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஏஜென்சி உங்களைத் தலைக்கு இவ்வளவு என்று கிளையன்ட்டுக்கு பில் போடுகிறது, அந்தத் தலைக்கு அனுபவம் எவ்வளவு என்று பில்லில் ஒரு பத்தி கிடையாது. மேலே போகிறவர்களைப் பார்த்தால், கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிற சைட்டில் நின்றிருப்பார்கள். நடந்ததை ஒழுங்காக எழுதத் தெரிந்திருக்கும். பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

அதற்கு முன்னால், நீங்கள் நிற்கிற இடம் சட்டப்படி சரியானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-ல் வந்தது. துறையில் எல்லோரும் ‘பசாரா’ என்பார்கள். உரிமம் இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் ஒரு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் ஏஜென்சியின் உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த உரிமம் உங்கள் மாவட்டத்துக்குச் செல்லுமா என்பதையும் பாருங்கள், ஏனென்றால் ஒரு மாவட்டம், ஐந்து மாவட்டம் வரை, மாநிலம் முழுவதும் என்று உரிமம் மூன்று வகைப்படும். நாளைக்கு நீங்கள் பெரிய நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது, உரிமம் இல்லாத ஏஜென்சி கொடுத்த அனுபவச் சான்றிதழ் அவர்களுடைய பின்னணிச் சரிபார்ப்பில் நிற்காது.

பயிற்சி விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி ஒரு காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும், குறைந்தது 20 வேலை நாட்களில் தரப்பட வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கும் காவல்துறையினருக்கும் இது சுருக்கப்பட்டது: 40 மணி வகுப்பு, 16 மணி களம், குறைந்தது 7 நாள். நடைமுறையில் பல இடங்களில் யூனிஃபார்மைக் கையில் கொடுத்து அன்றைக்கே நைட் ஷிப்டுக்கு அனுப்பிவிட்டு, சான்றிதழைப் பிறகு அச்சடித்துக் கொள்கிறார்கள். உங்களுக்கும் அப்படி நடந்திருந்தால், அந்தப் பாடத்திட்டத்தை நீங்களே தேடிப் படித்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கையாளுதல், அடையாள ஆவணங்களைச் சரிபார்த்தல், வெடிபொருளை அடையாளம் காணுதல், எஃப்.ஐ.ஆர். நடைமுறை எல்லாம் அதில் உண்டு. சூப்பர்வைசர் தேர்வில் கேட்பதும் இவற்றைத்தான். உடல் தகுதியும் விதியில் இருக்கிறது: ஆண்களுக்கு 160 செ.மீ., பெண்களுக்கு 150 செ.மீ. உயரம், ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓடும் திறன், நிறக்குருடு இல்லாத பார்வை. நல்ல கிளையன்ட்டுகள் இவற்றை உண்மையிலேயே சோதிப்பார்கள்.

சம்பளத்துக்கு வருவோம். 12 மணி நேர டியூட்டி என்கிறீர்கள். ஒரு நாள் வேலை 8 மணி நேரம்; அதற்கு மேல் போகும் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டத்தின் கணக்கு. 4 மணி நேர ஓவர்டைமை இரட்டிப்பாக்கினால் 8 மணி நேரக் கூலி வருகிறது. அதாவது 12 மணி நேரம் நிற்பவருக்கு 8 மணி நேரம் நிற்பவரைப்போல் இரண்டு மடங்கு வர வேண்டும். உதாரணத்துக்கு, மாதம் 26 நாளுக்கு 12,500 ரூபாய் என்று வைத்தால் ஒரு மணி நேரக் கூலி சுமார் 60 ரூபாய், இரட்டித்தால் 120. மாதம் 104 மணி நேர ஓவர்டைமுக்கு இன்னொரு 12,500. இந்த இரண்டாவது 12,500-ஐ முழுதாகத் தருகிற ஏஜென்சி அபூர்வம். ‘12 மணி நேர ரேட்’ என்று ஒரே தொகையாகப் பேசுவதே இந்தக் கணக்கை மறைக்கத்தான். அதற்காக உடனே சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் கணக்கு தெரிந்திருந்தால் 8 மணி நேர ஷிப்ட் உள்ள சைட்டுக்கு மாறும்போது கையில் வரும் தொகை கொஞ்சம் குறைவதை நஷ்டமாக நினைக்க மாட்டீர்கள். படிக்க நேரம் அங்குதான் கிடைக்கும். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் அகவிலைப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-ம் தேதியும் மாறும்; அந்த மாதச் சம்பளச் சீட்டைக் கட்டாயம் பாருங்கள்.

பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம், முதலாளி பங்கும் அதே 12. இ.எஸ்.ஐ. உங்களிடம் 0.75, அவர்களிடம் 3.25 சதவீதம். இ.எஸ்.ஐ.க்கு 21,000 ரூபாய் சம்பள வரம்பு உண்டு. வரம்பைப் பார்க்க ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது. ‘ஓவர்டைமோடு உன் சம்பளம் வரம்பைத் தாண்டிவிட்டது, இனி இ.எஸ்.ஐ. கிடையாது’ என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால்தான் நோய்க்கால உதவி கிடைக்கும்: கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. ஏஜென்சி நாட்களைக் குறைத்துக் காட்டினால் அடி விழுவது இங்கேதான். பி.எஃப். பாஸ்புக்கை மாதம் ஒருமுறை செல்போனிலேயே பாருங்கள். ஏஜென்சி மாறும்போது பழைய யூ.ஏ.என். எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) கொடுங்கள். புதிய எண் திறந்துவிட்டால் பணி ஆண்டுகள் துண்டு துண்டாகக் கிடக்கும், ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 வருடக் கணக்கு சேராமல் போகும். பழைய ஏஜென்சி ‘வெளியேறிய தேதி’யைப் பதிவு செய்ததா என்றும் பாருங்கள், அது இல்லாமல் கணக்கு மாறாது. சான்றிதழ் ஒரிஜினலை மட்டும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

சைட் தேர்வுதான் உங்கள் முதல் மூன்று வருடத்தைத் தீர்மானிக்கும். ஏ.டி.எம். வாசலில் நின்றால் கற்றுக்கொள்ள ஒன்றும் கிடையாது, நேரடியாகவே சொல்கிறேன். அபார்ட்மென்ட்டில் மனிதர்களைச் சமாளிக்கக் கற்கலாம். ஆனால் அங்கே பார்சல் வாங்குவதும் மோட்டார் போடுவதுமே வேலையாகிவிடும். மருத்துவமனையில் கோபத்தில் இருக்கும் உறவினர்களைப் பேசியே அமைதிப்படுத்தும் திறமை வரும், அதை வேறெந்தச் சைட்டும் இவ்வளவு சீக்கிரம் கற்றுத்தராது. ஐ.டி. பார்க்கிலும் டேட்டா சென்டரிலும் ஆக்சஸ் கன்ட்ரோல், விசிட்டர் மேனேஜ்மென்ட், ஆங்கிலம். தொழிற்சாலையில் சரக்கு நகர்வு, தீ, விபத்து, ஒப்பந்தத் தொழிலாளர்கள் என எல்லாம் ஒரே கேட்டில் வந்துபோகும். நீங்கள் ஏற்கெனவே தொழிற்சாலையில் இருக்கிறீர்கள். அதை விட்டுவிட்டு சம்பளம் ஆயிரம் ரூபாய் கூட வருகிறது என்று ஷோரூம் வாசலுக்குப் போகாதீர்கள்.

அந்த கேட்டை முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள். லாரி வந்தால் நம்பரை எழுதி உள்ளே விடுவது எல்லோரும் செய்வது. இன்வாய்ஸில் உள்ள சீல் எண்ணும் கன்டெய்னரில் தொங்கும் சீல் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்; சீலை மட்டும் பார்த்தால் போதாது, சீல் மாட்டியிருக்கும் கொண்டியின் ரிவெட் கழற்றி மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திருடுகிறவர்கள் சீலைத் தொடாமல் கதவின் கொண்டியைத்தான் கழற்றுவார்கள். சரக்கோடு வர வேண்டிய ஜி.எஸ்.டி. ஆவணமான இ-வே பில்லின் காலாவதி நேரத்தைப் பாருங்கள். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. காலாவதியான பில்லோடு வண்டியை வெளியே விட்டால் வழியில் பிடிபடும் அபராதம் கம்பெனிக்கு, கெட்ட பெயர் கேட்டுக்கு.

எடைமேடையில் நடக்கும் திருட்டு பெரும்பாலும் காலி வண்டி எடையில்தான். ஸ்கிராப் ஏற்ற வரும் வண்டி காலியாக எடை போடும்போது டிரைவரும் கிளீனரும் கேபினில் உட்கார்ந்திருப்பார்கள், தண்ணீர் டேங்க் நிரம்பியிருக்கும், ஸ்டெப்னி டயர் இரண்டு கிடக்கும். சரக்கு ஏற்றி வெளியே போகும்போது இவை எதுவும் இருக்காது. காலி எடை கூடினால் சரக்கின் எடை குறைந்து காட்டும். குறைந்த அளவுக்கு இரும்போ செம்போ இலவசமாகப் போகும். காலி எடையின்போதும் நிறை எடையின்போதும் வண்டியில் யாரும் இருக்கக் கூடாது, எல்லாச் சக்கரமும் மேடைக்குள் இருக்க வேண்டும், அதே வண்டியின் முந்தைய காலி எடைகளோடு ஒப்பிட வேண்டும். 100 கிலோ வித்தியாசம் வந்தாலே நிறுத்திக் கேளுங்கள்.

திரும்பி வர வேண்டிய பொருளுக்கான கேட் பாஸ் இன்னொரு ஓட்டை. மோட்டார் ரிவைண்டிங்குக்குப் போகிறது, அச்சு பழுதுபார்க்கப் போகிறது, போனது போனதுதான். எதிர்பார்க்கும் தேதி தாண்டிய பாஸ்களை மாதக் கடைசியில் பட்டியலிட்டு ஸ்டோர்ஸுக்கும் உங்கள் ஆபீசருக்கும் கொடுங்கள். யாரும் கேட்கவில்லை என்றாலும் கொடுங்கள். கிளையன்ட்டின் நிர்வாக மேலாளர் ஒரு காவலரின் பெயரை முதல்முறையாகக் கேள்விப்படுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு தாளில்தான்.

எழுத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சம்பவங்களைப் பதியும் ஆக்கரன்ஸ் புத்தகத்தில் வழக்கமாகக் காணப்படும் பதிவு இப்படி இருக்கும்: ‘இரவு லாரி டிரைவர் குடித்துவிட்டு தகராறு செய்தார். பின்பு சமாதானம் ஆனது.’ இதனால் யாருக்கும் பயன் இல்லை. எந்த லாரி, எத்தனை மணி, எந்த கேட், குடித்தார் என்று எப்படித் தெரியும், யார் சமாதானம் செய்தது, வண்டி உள்ளே போனதா இல்லையா? அதையே இப்படி எழுதலாம்:

‘22:40 – இரண்டாம் கேட். லாரி பதிவு எண், டிரான்ஸ்போர்ட் பெயர், ஓட்டுநர் பெயர். ஓட்டுநரிடம் மது வாடை இருந்தது, பேச்சு தடுமாறியது, இறங்கும்போது படியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே அனுமதிக்கவில்லை. 22:44 – ஷிப்ட் இன்சார்ஜுக்குப் போன் செய்தேன். 22:50 – ஓட்டுநர் கேட் கம்பியைக் காலால் உதைத்தார். சேதம் இல்லை. சாட்சி: காவலர் பெயர், கேமரா 7. 23:05 – டிரான்ஸ்போர்ட் மேலாளர் போனில் பேசி மாற்று ஓட்டுநரை அனுப்புவதாகச் சொன்னார். 23:50 – மாற்று ஓட்டுநர் வந்து, உரிமம் சரிபார்த்த பின் வண்டி உள்ளே சென்றது.’

‘குடித்திருந்தார்’ என்பது உங்கள் முடிவு. ‘மது வாடை இருந்தது’ என்பது நீங்கள் கண்டது. கண்டதை மட்டும் எழுதினால் நாளை காவல் நிலையத்திலோ தொழிலாளர் நீதிமன்றத்திலோ யாரும் உங்களை மடக்க முடியாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் நேரமும் போடுங்கள். வைட்னர் கூடவே கூடாது. நடுவில் வெற்று வரி விடாதீர்கள், பிறகு அதில் யாராவது எதையாவது செருகுவார்கள். 24 மணி நேரக் கணக்கில் எழுதுங்கள். பேட்ரோல் (ரோந்து) போகாமலே ‘ஆல் ஓகே’ என்று மணிக்கு ஒன்று எழுதி வைப்பது இந்தத் துறையின் பழைய வியாதி. இரவு 2 மணிக்கு ‘ஆல் ஓகே’ எழுதியவர் ஒன்றரை மணிக்கே காப்பர் கேபிள் போனதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். மாதம் நான்கு நல்ல ரிப்போர்ட்களைத் தமிழில் எழுதிப் பழகுங்கள், பிறகு அதையே எளிய ஆங்கிலத்தில். சூப்பர்வைசர் நேர்காணலில் ‘ஒரு சம்பவத்தை எழுதிக் காட்டு’ என்பார்கள். அதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள்.

தீயைப் பற்றி ஒரு காவலர் என்ன செய்வார் என்பதை எல்லோரும் சிலிண்டரோடு நிறுத்திவிடுகிறார்கள். சிலிண்டரும் தெரிய வேண்டும்தான். பவுடர் சிலிண்டரில் பிரஷர் முள் பச்சையில் இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள்ளே கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்க முடியும். 10 சதவீதம் குறைந்திருந்தால் நிரப்ப அனுப்ப வேண்டும். அதன் கூம்பைக் கையால் பிடித்தால் கை உறைந்து புண்ணாகும். ஆனால் பெரிய தவறுகள் பேனலில் நடக்கின்றன. ஃபயர் அலாரம் அடித்ததும் சத்தம் தாங்காமல் ரீசெட்டை அழுத்திவிடுவார்கள். எந்த ஸோனில் அடித்தது என்ற தகவல் திரையிலிருந்து போய்விடும். முதலில் ஸோன் எண்ணைக் குறித்துக்கொண்டு அக்னாலெட்ஜ் பட்டன், பிறகு ஆள் போய் நேரில் பார்க்க வேண்டும், நிலைமை உறுதியான பிறகே ரீசெட். பம்ப் ஹவுஸுக்குப் பேட்ரோல் போகும்போது பம்ப்கள் ‘ஆட்டோ’வில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பராமரிப்புக்கு வந்தவர்கள் ‘மேனுவல்’-க்கு மாற்றிவிட்டு மறந்து போவது சகஜம். தீ பிடிக்கிற நாளில் ஹைட்ரன்ட்டில் (தீயணைப்புக் குழாயில்) தண்ணீர் வராது. லைனில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன ஜாக்கி பம்ப் அடிக்கடி ஓடி நின்றால் லைனில் எங்கோ கசிவு. இதை எழுதி வையுங்கள், மெயின்டனன்ஸ் ஆட்கள் உங்களை வேறு கண்ணால் பார்ப்பார்கள். ஆட்கள் வெளியேறும்போது அசெம்ப்ளி பாயின்ட்டில் தலை எண்ண உங்கள் விசிட்டர் பதிவேடும் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடும்தான் ஆதாரம். வெளியேறிய நேரம் எழுதாத ஒரு விசிட்டரைத் தேடித் தீயணைப்பு வீரர் புகைக்குள் போக நேரிடும்.

சட்டத்தில் நான்கு விஷயம் போதும். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் அமலில் உள்ளன. பிணையில் விட முடியாத, காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றத்தை உங்கள் கண்முன் செய்பவரை நீங்கள் பிடித்து வைக்கலாம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 40-ம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் தேவையற்ற தாமதம் இல்லாமல், ஆறு மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். பிடித்தவரை ரூமில் வைத்து அடித்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். பெண்களைப் பெண்தான் சோதனை செய்ய வேண்டும். போலீஸ், ராணுவ யூனிஃபார்மைப் போலத் தெரியும் உடை போட்டால் பசாராவிலேயே ஒரு வருடம் வரை தண்டனை உண்டு. வேலையில் தெரிந்துகொண்ட தகவலை வெளியே சொல்வதையும் பசாரா தடை செய்கிறது. கேட் கேமரா காட்சியை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

இனி ஏணி. காவலர், ஹெட் கார்டு, சூப்பர்வைசர், அசிஸ்டெண்ட் செக்யூரிட்டி ஆபீசர், செக்யூரிட்டி ஆபீசர், மேனேஜர். ஏஜென்சி பக்கம் என்றால் ஃபீல்ட் ஆபீசர், ஆபரேஷன்ஸ் மேனேஜர். விதிப்படி 15 காவலருக்கு ஒரு சூப்பர்வைசராவது வேண்டும், அதனால் அந்தப் பதவி எப்போதும் காலியாகிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் ஒரு தடை இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை: ஆபீசர் பதவிகளில் முன்னாள் ராணுவத்தினரையே பல கிளையன்ட்டுகள் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் டெக்ஸ்கோ போன்ற அமைப்பு முழுக்க முழுக்க முன்னாள் படைவீரர்களுக்கானது. படையில் இல்லாதவர் அந்தச் சுவரில் முட்டாமல் போக வேறு வழிகள் உண்டு. ஊர்க்காவல் படையில் சேருங்கள். காவலரைத் தேர்ந்தெடுக்கும்போது முன்னுரிமை தரலாம் என்று பசாரா சொல்லும் பட்டியலில் ராணுவம், போலீஸோடு ஊர்க்காவல் படையும் இருக்கிறது. தீ, விபத்துப் பாதுகாப்புப் பக்கம் ஒரு டிப்ளமோ எடுங்கள். இல்லையென்றால் கன்ட்ரோல் ரூம்.

சூப்பர்வைசர் ஆனதும் எக்செல் கற்றுக்கொள்ளாமல் மேலே போக முடியாது. மேனேஜர் நேர்காணலில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: 24 மணி நேரமும் ஒரு பாயின்ட்டில் ஆள் இருக்க வேண்டும், ஷிப்ட் 8 மணி நேரம், எத்தனை பேர் வேண்டும்? மூன்று என்று சொன்னால் அங்கேயே முடிந்தது. வருடத்துக்கு 365 × 3 = 1,095 ஷிப்ட். ஒருவர் வருடத்தில் உண்மையில் வரக்கூடிய நாள்: 365-ல் வாரவிடுப்பு 52, தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறை 9, மற்ற விடுப்பு 24 என்று வைத்தால் மிச்சம் 280. 1,095-ஐ 280-ஆல் வகுத்தால் 3.9. ஆக நான்கு பேர். மூன்று பேருக்கு மட்டும் ஒப்பந்தம் போட்ட சைட்டில்தான் ரிலீவர் (மாற்று ஆள்) வரவில்லை, டபுள் டியூட்டி பார் என்ற கூத்து நடக்கிறது. 24 மணி நேரம் விழித்தவர் மறுநாள் நாற்காலியில் தூங்குவதைப் படம் பிடித்து அபராதம் போடுவார்கள், ஒப்பந்தத்தைப் போட்டவரை யாரும் கேட்பதில்லை.

கன்ட்ரோல் ரூம் வழி உங்களைப்போன்ற 24 வயதுக்காரருக்கு மிகவும் பொருந்தும் என்பது என் எண்ணம். கேமராத் திரையைப் பார்ப்பதில் ஆரம்பித்து, சிஸ்டத்தைப் புரிந்துகொள்வதற்குப் போங்கள். ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் நாளொன்றுக்கு 43.2 ஜி.பி. ஆகும். 16 கேமரா, 30 நாள் என்றால் சுமார் 20.7 டி.பி. ‘30 நாள் பதிவு இருக்கிறது’ என்று சொல்லும் சைட்டில் 8 டி.பி. டிஸ்க் இருந்தால், 12 நாளுக்கு முந்தையது அழிந்திருக்கும் என்று வாயாலேயே சொல்லிவிடலாம். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் இழுத்த கேமராதான் இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது அணைந்து அணைந்து வரும். காந்தப் பூட்டு மின்சாரம் போனால் திறந்துகொள்ளும். தீ அலாரத்தோடு அதை இணைத்திருக்கிறார்களா என்று கேட்கத் தெரிந்த காவலரை எந்த மேனேஜரும் மறக்க மாட்டார்.

சம்பவம் நடந்தால் காட்சியை அன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள், பழையதன் மேல் பதிவாகிவிடும். எடுப்பதற்கு முன் ரெக்கார்டரின் கடிகாரத்துக்கும் சரியான நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கடிகாரத்தை அப்போது சரிசெய்யப் போகாதீர்கள். மின்னணுச் சாட்சியத்தோடு பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ம் பிரிவின்படி ஒரு சான்றிதழும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த ஆபரேட்டர் இல்லாததால் நல்ல காட்சிகள் நீதிமன்றத்தில் வீணாகின்றன.

பணம் ஏற்றும் வண்டி வேலைக்குச் சம்பளம் கூடும், ஆபத்தும் கூடும். 2018 விதிகளின்படி ஒரு வண்டியில் ஓட்டுநர் தவிர ஆயுதம் ஏந்திய இரண்டு காவலர் வேண்டும், ஒரு பயணத்தில் 5 கோடிக்கு மேல் கூடாது, நகரத்தில் இரவு 9 மணிக்கு மேலும் கிராமத்தில் மாலை 6-க்கு மேலும் ஏ.டி.எம்.மில் பணம் நிரப்பக் கூடாது. இதை மீறச் சொல்லும் கம்பெனியில் நிற்காதீர்கள்.

வளைகுடா பற்றியும் கேட்பீர்கள். துபாயில் சிரா என்ற அரசு அமைப்பின் பயிற்சியும் தேர்வும் முடித்தால்தான் காவலராக நிற்க முடியும். ஆங்கிலம் இல்லாமல் தேறுவது கடினம். பத்தாம் வகுப்பு தேறியவர் என்பதால் உங்கள் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படாது, ஆனால் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. சட்டப்படி அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரோடு பேச்சே வேண்டாம்.

படிப்பு: தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலாவது ஒரு பட்டம் முடித்துவிடுங்கள். எந்தப் பாடம் என்பது முக்கியமில்லை, பெரிய நிறுவனங்களின் மனிதவளத் துறை ‘பட்டதாரி’ என்ற கட்டத்தில் டிக் இல்லாவிட்டால் விண்ணப்பத்தையே திறக்காது. ஏசிஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு செக்யூரிட்டி மேலாளர்களுக்குத் தரும் சி.பி.பி. சான்றிதழ் உலகம் முழுக்க மதிக்கப்படுகிறது, ஆனால் அதற்குப் பல வருட அனுபவமும் அதில் மூன்று வருடம் பொறுப்பான பதவியும் வேண்டும். இப்போது அதற்குப் பணம் கட்டச் சொல்லும் கோச்சிங் சென்டரை நம்பாதீர்கள். ஆபீசர் ஆன பிறகு அதே அமைப்பின் தொடக்கநிலைச் சான்றிதழான ஏ.பி.பி.யில் தொடங்கலாம். மூன்று நாள் வகுப்பில் ‘செக்யூரிட்டி மேனேஜ்மென்ட் டிப்ளமோ’ என்பதெல்லாம் சுவரில் மாட்டத்தான்.

பத்து வருடம் கழித்து சொந்த ஏஜென்சி என்ற ஆசை பலருக்கு வரும். உரிமக் கட்டணம் பெரிய செலவில்லை: ஒரு மாவட்டத்துக்கு 5,000, ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுக்க 25,000 ரூபாய், ஐந்து வருடத்துக்கு. ஏஜென்சிகள் மூழ்குவது நடைமுறை மூலதனத்தில். சம்பளத்தை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் தர வேண்டும், கிளையன்ட் பில்லுக்குப் பணம் தருவதோ 45, 60 நாள் கழித்து. 50 காவலர், ஆளுக்கு எல்லாம் சேர்த்து 20,000 என்றால் மாதம் 10 லட்சம். கிளையன்ட்டிடமிருந்து முதல் ரூபாய் வரும் முன்பே இரண்டு மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., யூனிஃபார்ம் என்று 22 லட்சமாவது கையிலிருந்து போயிருக்கும். ஏஜென்சி கம்பெனியாகப் பதிவாகியிருந்தால், பில்லில் போடும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கிளையன்ட் தராவிட்டாலும் நீங்கள் கட்ட வேண்டிவரும். இந்தப் பணம் இல்லாதவர் ஒப்பந்தத்தைப் பிடிக்க விலையைக் குறைப்பார், குறைத்த விலையை ஈடுகட்ட பி.எஃப். கட்டுவதை நிறுத்துவார், ஒரு நாள் அதிகாரி வந்து கிளையன்ட்டிடமே பாக்கியை வசூலிப்பார், ஒப்பந்தம் போய்விடும். ஆரம்பிப்பதாக இருந்தால் 15 பேர் உள்ள ஒரே சைட்டோடு, 30 நாளில் பணம் தரும் கிளையன்ட்டோடு ஆரம்பியுங்கள். பில்லோடு முந்தைய மாதத்தின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலுத்திய சீட்டை அவர் கேட்பதற்கு முன்பே இணைத்து அனுப்புங்கள்.